பொருந்துவதும் இணங்குவதும்

விருதுநகர் மாவட்டத்தின் காற்று வறண்ட காற்று. மழை பெய்யும் நாள்கள் குறைவு. வெயில் காயும் நாள்கள் மிகுதி. உழவைத் தளரச் செய்த இதே வறட்சிதான் தீப்பெட்டியையும் பட்டாசையும் சிவகாசியில் வேரூன்றச் செய்தது. ஈரம் பட்டால் பாழாகும் பொருள்களுக்கு இம்மண்ணின் வெயில் துணையாயிற்று. ஆயினும் வறண்ட காற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதில் நிலைமின்சாரம் எளிதில் சேரும். நடக்கும்போதும் துணி உரசும்போதும் நம்மை அறியாமலே உடலில் மின்னூட்டம் ஏறி நிற்கும். அதனால்தான், பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் நுழையுமுன், வாசலில் உள்ள உலோகத் தகட்டைத் தொட்டு, உடலில் இருப்பதை மண்ணுக்கு அனுப்பிவிட்டு உள்ளே செல்ல வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது.

அந்த அறைக்குள்ளே இதனினும் நுட்பமான எச்சரிக்கை ஒன்று காத்திருக்கிறது. வெடியுப்பு வெண்மை, பொட்டாசியம் குளோரேட்டும் வெண்மை. இரண்டும் பொடி, இரண்டும் எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தருபவை. ஒரே மாதிரிப் பாத்திரங்களில் வைத்துவிட்டால் கண்ணால் வேறுபாடு காண்பது அரிது. ஆனால் வெடியுப்பும் கந்தகமும் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து உழைத்து வந்தவை. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தாலோ சிறு உராய்வே போதும். கந்தகத்தில் ஒட்டியிருக்கும் அமிலச் சுவடு குளோரேட்டைச் சிதைக்கத் தொடங்கும். கலவை எப்போது தீப்பற்றும் என்று எவராலும் சொல்ல இயலாது. இதனால்தான் 1992-இல் நடுவண் அரசு, குளோரேட்டையும் கந்தகத்தையும் கலந்த வெடிபொருளுக்குத் தடை விதித்தது. பாத்திரத்தில் இடம் இருக்கிறது என்பது கலப்பதற்கான அனுமதி ஆகாது.

வெடிமருந்தைப் பற்றி எழுதுவது இங்கே நம் நோக்கமன்று. 1970-களிலும் 1980-களிலும் உழைத்து ஓய்ந்த மினி கணிப்பொறிகளின் நினைவகப் பலகைகள் நமக்குக் கற்பித்த பாடமும் இதுவேயாதலால், தெரிந்த ஒன்றைக் காட்டித் தெரியாத ஒன்றைச் சொல்ல முற்படுகிறோம்.

மினி கணிப்பொறி என்றவுடன் கைக்குள் அடங்கும் சிறு பெட்டி என இன்றைய இளையோர் எண்ணக்கூடும். ஓர் அறையையே நிறைத்த பெருங்கணிப்பொறிகளுக்கு முன்னால் அலமாரி அளவில் நின்றதால் அதற்கு அப்பெயர் வந்தது. அமெரிக்காவின் மசாச்சூசெட்ஸ் மாநிலத்தில் மேனார்ட் என்னும் ஊரில், பழைய கம்பளி ஆலைக் கட்டடம் ஒன்றில், 1957-இல் தொடங்கிய டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனமே இவ்வகைப் பொறிகளை உலகெங்கும் பரப்பியது. அதன் பிடிபி-8 1965-இல் வந்தது. பிடிபி-11 1970-இல் வந்தது. நம் நாட்டில், 1967-இல் ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற இ.சி.ஐ.எல். என்னும் அரசு நிறுவனம், 1969-இல் டிடிசி-12 என்னும் பொறியையும் 1970-களின் நடுவில் பிடிபி-11-ஐ ஒத்த டிடிசி-316 என்னும் பொறியையும் உருவாக்கியது. 1978-இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவைவிட்டு வெளியேறியபோது, அது விட்டுச்சென்ற பொறிகளைப் பராமரிக்கும் பொறுப்பு சி.எம்.சி. என்னும் அரசு நிறுவனத்தின் தோள்மீது விழுந்தது. 1985-86-இல் புதுதில்லியில் தொடங்கிய கணிப்பொறிவழி இரயில் முன்பதிவுக்கு நிரல் எழுதியதும் அதே சி.எம்.சி.தான். விருதுநகர்ச் சந்திப்பில் இன்று வரிசையில் நின்று பயணச்சீட்டு வாங்கும் எவரும், மேனார்டிலிருந்து வந்த வாக்ஸ் 11/750 பொறிகளின்மீது அந்த ஏற்பாடு முதலடி எடுத்து வைத்தது என்பதை நினைப்பதில்லை; நினைக்க வேண்டிய தேவையும் இல்லை. நன்றாக நடக்கும் பொறியை எவரும் நினைப்பதில்லை.

அப்பொறிகள் நன்றாக நடக்க வேண்டும் என்பதற்காகப் பின்னால் நின்றோரில் நாமும் ஒருவராகச் சில ஆண்டுகள் இருந்தோம். பழுது பார்ப்பவர்க்குப் பொறியின் முகம் தெரிவதைவிட முதுகே நன்கு தெரியும். முதுகுப்புறத்தில் பலகைகளைச் செருகும் இடங்கள் வரிசையாக இருக்கும். அவற்றை ஸ்லாட் என்போம். அந்த ஸ்லாட்டுகளையெல்லாம் ஒன்றோடொன்று பிணைக்கும் கம்பிப் பின்னலை பேக்பிளேன் என்போம். அதில் ஓடும் பொதுவழிக்கு பஸ் என்று பெயர். மையச் செயலகம், நினைவகம், தட்டு, அச்சுப்பொறி ஆகிய அனைத்தும் அப்பொதுவழியில்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

நினைவகம் என்பது தொடக்கத்தில் காந்த வளையங்களின் நெசவாக இருந்தது. கடுகுக்கும் சிறிய ஃபெரைட் வளையங்களை மெல்லிய கம்பிகளில் கோத்து வலையாக்குவர். உருப்பெருக்கியின் அடியில் அந்த வேலையைச் செய்தவர் பெரும்பாலும் பெண்கள். சட்டத்தில் தீக்குச்சி அடுக்கும் நம் ஊர்ப் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்க்கு அந்த நுண்மை எளிதில் விளங்கும். மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் உருவாகி 1960-இல் பணிக்கு வந்த டிஃப்ராக் கணிப்பொறியில் இத்தகைய வளையங்களால் ஆன 2,048 சொற்களுக்கான நினைவகமே இருந்தது. மின்சாரம் நின்றாலும் வளையம் தன் நினைவை இழக்காது. பின்னர் 1970-களில் சிலிக்கன் சில்லுகள் வந்தன. மலிவும் வேகமும் கூடின. மின்சாரம் நின்றால் நினைவு போகும் என்ற குறையும் கூடவே வந்தது.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. ஒரே பிடிபி-11 குடும்பத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் புதிது புதிதாகப் பொறிகள் வந்துகொண்டிருந்தன. பலகையின் நீள அகலம் பெரிதும் மாறவில்லை; விளிம்பில் உள்ள பொன்முலாம் பூசிய கால்களின் எண்ணிக்கையும் மாறவில்லை. ஆகையால் ஒரு காலத்தின் பலகை இன்னொரு காலத்தின் ஸ்லாட்டுக்குள் எவ்வித முரண்டும் இன்றி வழுக்கிச் சென்று அமர்ந்துவிடும். ஆனால் ஸ்லாட்டின் பின்னே இருந்த கம்பி மாறியிருந்தது.

முதலாவது, மின்னழுத்தம். காந்த வளைய நினைவகத்துக்கு 20 வோல்ட் மின்னழுத்தம் தேவைப்பட்டது. அதற்கென யூனிபஸ் வகைப் பொறிகள் சிலவற்றில் குறிப்பிட்ட கால்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 5 வோல்ட்டில் வாழும் சில்லுகளைத் தாங்கிய வேறொரு பலகை அதே கால்களை வேறு பணிக்குப் பயன்படுத்தினால், பொறியை இயக்கிய அந்த நொடியிலேயே அது மாண்டுபோகும்.

இரண்டாவது, முகவரி. நினைவகத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் வீட்டு இலக்கம்போல ஓர் எண் உண்டு. அந்த எண்ணைச் சுமக்க 16 கம்பிகள் இருந்தால் 65,536 இடங்களை அழைக்கலாம். 18 இருந்தால் 2,62,144. 22 இருந்தால் 41,94,304. 1975-இல் பிறந்த கியூ-பஸ் இம்மூன்று படிகளையும் ஏறியது. 18 கம்பி மட்டுமே அறிந்த தட்டுக் கட்டுப்பாட்டுப் பலகையை 22 கம்பிப் பொறியில் வைத்தால், மேல்மாடிக்கு உரிய கடிதத்தையும் அது கீழ்த்தளத்திலேயே போட்டுவிட்டுப் போகும். கீழே ஏற்கெனவே எழுதியிருந்தது அழியும். புகை இல்லை, கருகும் நாற்றம் இல்லை, கணக்கு மட்டும் தவறிப்போகும். வெளிப்படையாக எரிந்துபோகும் பலகையைக் காட்டிலும் அமைதியாகத் தவறு செய்யும் பலகைக்கே நாம் மிகவும் அஞ்சினோம்.

மூன்றாவது, தொடக்க எண். ஒவ்வொரு நினைவகப் பலகையிலும் அதன் முதல் வீட்டின் இலக்கத்தைக் குறிக்கச் சிறு விசைகள் இருக்கும். இரு பலகைகளுக்கும் ஒரே இலக்கத்தைக் குறித்துவிட்டால், ஒரு பெயரைச் சொல்லி அழைக்கும்போது இருவர் ஒரே நேரத்தில் விடை கூறுவர். இரண்டு குரலும் கலந்து, இரண்டுமே பொய்யாகிவிடும்.

ஓர் அலுவலகத்தில் நாம் கண்ட காட்சி ஒன்று இன்னும் நினைவில் நிற்கிறது. பழுதான நினைவகப் பலகைக்குப் பதிலாக, அளவில் ஒத்த வேறொரு பலகையை எவரோ அவசரத்தில் செருகியிருந்தனர். நாம் சென்றபோது அறையில் கருகிய நாற்றம் அடங்கவில்லை. மாற்றுப் பலகையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க உரிமம் பெற வேண்டும், சுங்கம் கட்ட வேண்டும், மாதங்கள் ஆகும். அதுவரை அந்த அலுவலகத்தின் ஊதியப் பட்டியல்களை எழுத்தர்கள் இரவெல்லாம் விழித்திருந்து கையால் எழுதினர். செருகியவர் தீயவர் அல்லர். வேலை நின்றுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் செய்தவர். நல்லெண்ணம் கம்பியை மாற்றுவதில்லை.

இவையெல்லாம் முடிந்துபோன கதை என்றிருந்தோம். சில காலத்துக்கு முன் சிவகாசிப் பக்கத்து இளைஞர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். ஒரு கல்லூரி கழித்துப்போட்ட மைக்ரோ பிடிபி-11 பொறியைப் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியிருந்தார். அதில் இருந்த நினைவகப் பலகை கெட்டுப்போயிருந்தது. அயல்நாட்டுச் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து இன்னொரு பலகையைத் தம் பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வரவழைத்திருந்தார். அந்தக் கல்லூரியில் படித்து, இளம் வயதிலேயே இறந்துபோன அவருடைய தாய்மாமன் மாணவப் பருவத்தில் எழுதிய நிரல்கள் அப்பொறியின் தட்டில் இருக்கக்கூடும் என்பது அவர் நம்பிக்கை. மாமனின் கையெழுத்து வீட்டில் இல்லை; இருந்தால் அந்தத் தட்டில்தான் இருக்கும் என்றார். அவருடன் அவர் தந்தையும் வந்திருந்தார். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் பகுதியில் நீண்ட காலம் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“சார், அளவு சரியா இருக்கு. ஸ்லாட்டில் உட்காருது. ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாமா?” என்று இளைஞர் கேட்டார்.

நாம் விடை சொல்லுமுன் தந்தை குறுக்கிட்டார். “அண்ணாச்சி, மருந்து அறையில போட்டுப் பார்ப்போம்னு ஒரு பேச்சே கிடையாது. தெரிஞ்சா கலக்கணும். தெரியலைன்னா கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்.”

கணிப்பொறியை அதற்குமுன் தொட்டும் அறியாத அவர், நாம் பல ஆண்டுகளில் கற்றதை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். செய்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பது பெரும்பாலான வேலைகளுக்கு நல்ல வழி. குழம்பில் உப்பு கூடினால் நீர் விட்டுச் சரி செய்யலாம். சட்டை இறுகினால் பிரித்துத் தைக்கலாம். ஆனால் சோதனையே பொருளை அழித்துவிடும் இடங்கள் சில உண்டு. அங்கே அறிவு செயலுக்கு முன்னே வந்தாக வேண்டும். பின்னே வந்தால் பயன் இல்லை.

எனவே அன்று பொறியைத் தொடாமல் கையேட்டை விரித்தோம். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் இன்று இல்லை. 1998-இல் அதை காம்பாக் வாங்கியது, 2002-இல் காம்பாக்கும் ஹியூலெட் பேக்கார்டோடு இணைந்தது. எனினும் அந்நிறுவனத்தின் கையேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பாதுகாத்து வைத்துள்ளவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களால் அந்தப் பேக்பிளேனின் கம்பி வரைபடம் நம் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பெட்டியில் எட்டு ஸ்லாட்டுகள். பார்வைக்கு எட்டும் ஒன்றே. ஆனால் முதல் மூன்றில் மட்டும், ஒரு பாதியில் பொதுவழியும் மறு பாதியில் மையச் செயலகமும் நினைவகமும் தமக்குள் பேசிக்கொள்ளும் தனிவழியும் இருந்தன. நான்காவதிலிருந்து இரு பாதியிலும் பொதுவழியே ஓடியது. இளைஞர் வாங்கியிருந்த 2 மெகாபைட் பலகையோ தனிவழிக்கென்றே செய்யப்பட்டது. அதை நான்காவது ஸ்லாட்டில் செருகியிருந்தால் தனிவழிக் கால்கள் பொதுவழிக் கம்பிகளோடு மோதியிருக்கும். பலகைக்கும் பொறிக்கும் கேடு நேரிடலாம் என்று கையேடு எச்சரித்தது. மையச் செயலகத்துக்குப் பின்னே, தனிவழி உள்ள ஸ்லாட்டில் செருகினால் பழுது நேராது, பொறி இயங்கும், ஆனால் பொதுவழியிலேயே மெதுவாக இயங்கும். மையச் செயலகத்துக்கு முன்னே செருகினால் மட்டுமே தனிவழி திறந்து, தன் முழு வேகத்தில் நடக்கும். இளைஞரின் பெட்டியில் மையச் செயலகம் முதல் ஸ்லாட்டில் இருந்தது. அதை இரண்டாவதற்கு நகர்த்தினால் அன்றி நினைவகத்துக்கு உரிய இடம் கிடையாது.

ஒரே பலகை. ஒரே அளவுள்ள துளைகள். ஓரிடத்தில் அழிவு, ஓரிடத்தில் அரைகுறை வாழ்வு, ஓரிடத்தில் முழு வாழ்வு. துளையைப் பார்த்து இதை அறிய முடியாது. பலகையைப் பார்த்தும் அறிய முடியாது. இரண்டுக்கும் பின்னே உள்ள கம்பியை அறிந்தவர் சொன்னால்தான் உண்டு. பொருந்துவது வேறு, இணங்குவது வேறு. பொருத்தம் கண்ணுக்குத் தெரியும். இணக்கத்தைக் கேட்டறிய வேண்டும்.

மணிக்கட்டில் நிலத்தொடர்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு பலகைகளை மாற்றினோம். தந்தை அந்தப் பட்டையை உற்று நோக்கினார். எதற்கு என்று கேட்கவில்லை. மையச் செயலகம் இரண்டாவது ஸ்லாட்டுக்குப் போயிற்று. நினைவகம் முதலாவதில் அமர்ந்தது. இதனால் மூன்றாவது ஸ்லாட் காலியாக நின்றுவிடாதபடி, பின்னால் இருந்த தட்டுக் கட்டுப்பாட்டுப் பலகையை முன்னே நகர்த்தினோம். அதன் காரணத்தையும் இளைஞருக்குச் சொன்னோம். பொதுவழியில் பேசுவதற்கான அனுமதி, மையச் செயலகத்திலிருந்து பலகை பலகையாகக் கைமாறிச் செல்கிறது. தனக்குத் தேவையென்றால் பலகை அதை எடுத்துக்கொள்ளும். தேவையில்லை என்றால் அடுத்ததற்குக் கொடுத்துவிடும். இடையில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் அனுமதி அங்கேயே நின்றுவிடும். அப்பால் உள்ளவை எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் ஊமையாகிவிடும். வைப்பதற்கு உரிய பலகை கிடைக்காதபோது, அந்த இடத்தில் ஒரு சிறு அட்டையைச் செருகுவார்கள். அதில் சில்லு இல்லை, நினைவு இல்லை, கணக்கு இல்லை. வந்ததை அப்படியே அடுத்தவருக்குக் கடத்துவதே அதன் வேலை. விலையில் அற்பம்; ஆனால் அது இல்லாமல் வரிசை இல்லை.

பொறியை இயக்கினோம். திரையில் சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தன்னைத்தானே சோதித்துக்கொள்வதாக ஒரு வரி வந்தது. அதன்கீழ் நினைவகத்தின் அளவு 2048 என்ற எண் வந்தது. இளைஞர் அதைத் தம் தந்தைக்குப் படித்துக் காட்டினார். தட்டு அன்று சுழலவில்லை. அதன் உள்ளே தலைப்பகுதி ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். அதற்குத் தனிப் பொறுமையும் தனி அறிவும் வேண்டும். மாமனின் நிரல்கள் அங்கே இருக்கின்றனவா என்பது இன்னும் தெரியாது. ஆயினும் தேடுவதற்கு உரிய வழி அடைபடவில்லை. ஒரு நொடியின் அவசரத்தில் அது அடைபட்டிருக்கலாம்.

கனடாவில் அணுமின் நிலையப் பணிகளுக்கென இன்னும் பிடிபி-11 பொறிகளை நம்பியிருந்த ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம், 2050 வரை அவற்றைக் காக்க அம்மொழி அறிந்தவர்களைத் தேடுவதாக 2013-இல் செய்தி வந்தது. பொறிகள் நாம் நினைப்பதைவிட நீண்ட நாள் வாழ்கின்றன. அவற்றை அறிந்தவர்களோ அத்தனை நாள் வாழ்வதில்லை. எந்தப் பலகைக்கு எந்த ஸ்லாட் என்பது பலகையின்மீது எழுதப்படவில்லை; எந்த வெண்பொடிக்கு எது துணை என்பதும் பொடியின்மீது எழுதப்படவில்லை. அது ஒருவர் நெஞ்சில் இருக்கிறது; அவர் சொன்னால் இன்னொருவர் நெஞ்சுக்குப் போகிறது; சொல்லாமல் போனால் அவரோடு போய்விடுகிறது. மருந்து அறையில் அந்தச் சங்கிலி அறுந்தபோதெல்லாம் இம்மாவட்டத்தின் எத்தனை இல்லங்கள் இருண்டன என்பதை வாசகர்களுக்கு நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை.

ஓய்வு பெற்ற போர்மேன்கள் எத்தனையோ பேர் இம்மாவட்டத்துத் திண்ணைகளில் அமர்ந்திருக்கிறார்கள். பொறிகளைப் பழுது பார்த்தவர்கள், அச்சகத்தில் மை கலந்தவர்கள், தறியின் பழுதைக் காதால் கேட்டே அறிந்தவர்கள் இருக்கிறார்கள். தங்கள் காலம் முடிந்தது, தங்களிடம் இனி எவருக்கும் தேவையானது ஒன்றும் இல்லை என்று அவர்களில் பலர் எண்ணுகிறார்கள். வரிசையில் ஓரிடத்தைக் காலியாக விடாமல் நிற்பதும், வந்ததை அடுத்தவருக்குக் கடத்துவதும் சிறிய வேலை அன்று. அவர்களிடம் சென்று கேட்பது இளையோரின் கடமை; கேட்க எவரும் வராவிட்டாலும் எழுதி வைப்பது முதியோரின் கடமை. அந்த இளைஞரின் பொறியில் மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. எட்டு ஸ்லாட்டுகளின் படமும், எது எங்கே, ஏன் என்ற குறிப்பும் தமிழில் எழுதப்பட்டுள்ளன. எழுத்து போர்மேனுடையது, ஆலையில் எச்சரிக்கைப் பலகை எழுதிப் பழகிய, பெரிய, தெளிவான எழுத்து.